தெய்வமானால் துயர் தீருமா? கதைப்பாடல்களின் காதல் முறிவும் ஆய்வாளரின் அவசரமும்

தமிழ்க் கதைப்பாடல்களைப் பற்றிய ஆய்வேடுகளையும் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளையும் தொடர்ந்து பயில்வோர் ஒரு செய்தியை எளிதில் கண்டுகொள்ளலாம். காதலைப் பாடும் கதைப்பாடல் எதுவாயினும் அதன் முடிவு குறித்து எழுதப்பெறும் பத்தி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். காதலன் கொல்லப்படுகிறான்; காதலி புலம்பி மாய்கிறாள்; கொன்றவர்களும் பார்த்திருந்தவர்களும் அஞ்சுகின்றனர்; பீடம் எழுகிறது; கொடை நடக்கிறது. மனிதனாக வாழ்ந்தவன் தெய்வமானான், அவலம் அமைதியில் அடங்கியது, மக்கள் உள்ளம் நிறைவெய்தியது என்னும் கருத்தோடு அவ்வியல் முடியும். அடுத்த இயல் உவமைகளையும் உத்திகளையும் எண்ணத் தொடங்கிவிடும்.

இந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பதே இங்கு எழுப்பப்பெறும் வினா. பாடலில் இருந்து வந்ததா, ஆய்வாளரின் மேசையில் இருந்து வந்ததா? கதைப்பாடல் தன் காதலர்க்கு நேர்ந்த முறிவைத் தீர்த்து முடித்துவைக்கிறது என்பதற்குப் பாடலின் உள்ளேயோ அது பாடப்பெறும் களத்திலோ சான்று இல்லை. எதிர்ச்சான்றுகள்தாம் மிகுதி. முடிவை வேண்டி நிற்பவர் பாடகரும் அல்லர், கேட்போரும் அல்லர். ஆய்வேட்டை உரிய காலத்தில் ஒப்படைக்க வேண்டியவரே ஆவார் என்று சொன்னால் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அக்கடுமை தேவைப்படுகிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாக வழங்கிவந்த இக்கதையை நா. வானமாமலை பதிப்பிக்க, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தணர் குடியில் பிறந்த முத்துப்பட்டன் உடன்பிறந்தோருடன் மாறுபட்டு வீட்டை விட்டு வெளியேறிக் கொட்டாரக்கரை அரசனிடம் பணிபுரிகிறான். பின்னர் ஊர் திரும்பும் மலைவழியில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களின் குரலைக் கேட்கிறான். அவர்கள் சக்கிலியர் குடியைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்கள். மணம் வேண்டிய பட்டனிடம் வாலப்பகடை பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று, தங்களுள் ஒருவனாக வாழ்ந்து காட்டவேண்டும் என்கிறான். தமையன்மார் தடுக்கின்றனர்; அடைத்து வைக்கின்றனர். பட்டன் தப்பி வந்து, கேட்கப்பட்ட அனைத்தையும் செய்து மணம் முடிக்கிறான். மணவாழ்வு தொடங்கிய அளவிலேயே மாட்டுக்கிடையைக் காக்கச் சென்று வஞ்சகமாகக் குத்துண்டு இறக்கிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கின்றனர். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டன் இன்றும் பட்டவராயனாக வழிபடப்பெறுகிறான்.

இக்கதையில் சாதி முரண்பாட்டின் வரலாற்றைக் கண்டு காட்டியவர் வானமாமலை. ‘நாட்டார் பாடல்’ என்று ஒதுக்கப்பட்டிருந்ததைச் சமூக வரலாற்று ஆவணமாக உயர்த்தியது அவர் செய்த பெரும்பணி. அதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தோருள் பலர் அவர் திறந்த வாயிலில் நின்றுகொண்டார்களே தவிர உள்ளே செல்லவில்லை. சாதி முரண் என்று எழுதியாயிற்று; தெய்வமாதல் என்று எழுதியாயிற்று; இவ்விரண்டுக்கும் இடையில் மூன்று மனிதர் ஒருவரையொருவர் விரும்பினர் என்பதும், அவ்விருப்பம் வாழக் கிடைக்காமல் அறுபட்டது என்பதும் எவராலும் ஆராயப்பெறாமல் கிடக்கின்றன. காதல் இங்கே முரண்பாட்டை விளக்கும் கருவியாகிவிடுகிறது. கருவிக்குத் துயரம் ஏது?

அகத்திணை அளவுகோல்

துயரத்தைப் பேச முன்வரும் சில கட்டுரைகளும் உடனே அகத்திணையிடம் சென்று சேர்கின்றன. பட்டன் மலைவழியில் பெண்களைக் காண்பது குறிஞ்சி, கிடை காக்கப் பிரிவது முல்லை அல்லது பாலை, பெண்கள் அழுவது நெய்தல் என்று பங்கீடு நடந்துவிடுகிறது. சங்க இலக்கியத்தின் தொடர்ச்சியை நாட்டார் வழக்கில் நிறுவிய மனநிறைவும் கிடைத்துவிடுகிறது. இப்பொருத்தம் மேலோட்டமானது. அதைவிட, துயரத்தின் தன்மையையே மாற்றிவிடக்கூடியது.

அகத்திணையில் பிரிவு எத்தகையது? தொல்காப்பியம் ஓதல், பகை, தூது என்றும், பொருள் என்றும் பிரிவின் காரணங்களைக் கூறுகிறது. இறையனார் களவியல் அவற்றைப் பரத்தையிற் பிரிவு உட்பட ஆறாக விரிக்கும். இப்பட்டியல்கள் எவற்றிலும் சாவு இல்லை. பாலைத் தலைவன் வறண்ட சுரத்தைக் கடக்கிறான், ஆறலைகள்வர் அம்பு தொடுக்கின்றனர், பருந்து வட்டமிடுகிறது. எனினும் அத்தலைவன் திரும்பி வருவான் என்பதே அப்பாடல்களின் அடித்தளம். பருவம் பொய்க்கலாம், தலைவன் பொய்யான். இருத்தல் என்பதும் இரங்கல் என்பதும் திரும்புதலை நோக்கியவை. உடன்போக்கில் தலைவியின் சுற்றத்தார் இடைவழியில் வந்தடையும் நிலையையும் தொல்காப்பியர் அறிந்தே இருக்கிறார். ஆனால் அக்கலக்கமும் கற்பு வாழ்க்கைக்குள் கொண்டுவரப்படுகிறதே அன்றி, சுற்றத்தாரின் வாள் காதலன் மேல் இறங்குவதில்லை. அகத்தின் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை.

கதைப்பாடலில் வாள் இறங்குகிறது. மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். காத்தவராயன் கழுவில் ஏற்றப்படுகிறான். பட்டன் குத்துண்டு விழுகிறான். இங்கே பிரிவு என்பது திரும்பாமை. இன்னொன்றும் நோக்கத்தக்கது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை. அதனால் அத்துயர் எவருக்கும் உரியதாகிறது, எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. கதைப்பாடலோ பெயர் சொல்லும், ஊர் சொல்லும், குடி சொல்லும், குத்தியவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்பதையும் சொல்லும். பெயரோடு கூடிய துயரை நெய்தல் என்று பெயர் மாற்றுவது அதன் சாட்சியத்தைப் பறிப்பதாகும்.

தொல்காப்பியத்தில் இருந்தே அளவுகோல் வேண்டும் என்றால் புறத்திணையில் காஞ்சி இருக்கிறது. கணவனை இழந்தாள் நிலை, மனைவியை இழந்தான் நிலை, இறந்தவனோடு தீயில் புக நிற்பாள் நிலை எனத் துறைகள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. நிலையாமையைப் பேசும் அத்திணை எவருக்கும் ஆறுதல் வழங்குவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. கதைப்பாடலின் காதலர் அகத்தில் தொடங்கிப் புறத்தில் முடிகின்றனர் என்று கூறுவதே பொருத்தமாகும். அப்படிக் கூறினால் அகம், புறம் என்னும் வேலி உடையும் என்ற அச்சம் சிலருக்கு இருக்கலாம். கதைப்பாடல்கள் அவ்வேலியை எப்போதோ உடைத்துவிட்டன.

இளிவும் இழவும்

மெய்ப்பாட்டியல் இன்னும் கூர்மையான கருவியைத் தருகிறது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கு நிலைக்களன்கள் அங்கே கூறப்பெறுகின்றன. கதைப்பாடல் ஆய்வாளர் இழவை மட்டுமே காண்கின்றனர்: உயிர் போயிற்று, ஆகவே அழுகை. இளிவு கண்ணில் படுவதில்லை. பிறரால் இகழப்பட்டுச் சிறுமையுறுதலே இளிவு. முத்துப்பட்டன் கதையின் அழுகையில் பெரும்பங்கு இளிவினாலேயே விளைகிறது. பட்டன் மணம் வேண்டும்போது வாலப்பகடை மகிழ்வதில்லை, அஞ்சுகிறான், சினக்கிறான். மேற்குடி இளைஞன் தன் மக்களை விரும்புவதில் அவமதிப்பு ஒளிந்திருக்கும் என்பதை அவன் வாழ்க்கை அவனுக்குக் கற்பித்திருக்கிறது. அவன் விதிக்கும் நிபந்தனைகளை வெறும் காதல் தேர்வு என்று ஆய்வாளர் எழுதுகின்றனர். அவை ஒரு தந்தையின் முன்னெச்சரிக்கை.

மறுபுறம் தமையன்மார்க்கு நேர்வது இளிவு என்று அவர்களே கருதுகின்றனர். தம்பியை அடைத்து வைப்பது அதனால்தான். ஒரே செயலை இரு குடிகளும் இளிவு என உணரும் இடத்தில் நின்று பட்டன் குடுமியைக் களைகிறான். ஆக, அவன் இறக்கும்போது உயிர் மட்டும் இழக்கப்படவில்லை. இளிவைக் கடந்து கட்டப்பட்ட வாழ்வு சில நாட்களிலேயே இல்லாமற் போயிற்று. இழவுக்கு ஆறுதல் உண்டு, ஈமச்சடங்கு உண்டு, எட்டும் பதினாறும் உண்டு. இளிவுக்குச் சடங்கு ஏது? பீடம் எழுப்பியதால் இளிவு நீங்கிற்று என்று எந்தப் பாடகரும் பாடவில்லை. ஆய்வாளர்தாம் எழுதுகின்றனர்.

பிறப்பை மாற்றித் துயரை மாற்றுதல்

முடிவைத் தேடும் அவசரம் ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கதையைக் கைக்கொண்ட சில தரப்பினரும் அதே அவசரத்தைக் காட்டியுள்ளனர். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணர் வயிற்றில் பிறந்து, கைவிடப்பட்டு, வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் வடிவங்கள் உள்ளன. மதுரைவீரன் காசி அரசனின் மகன், பிறப்பின் தீக்குறி காரணமாகக் காட்டில் விடப்பட்டவன் என்கிறது அவன் கதை. காத்தவராயன் தெய்வத்தின் பிள்ளை, கழுவேறுதல் முன்னைச் சாபத்தின் பயன் என்கிறது இன்னொரு கதை. இப்பிறப்புச் செய்திகள் பிற்சேர்க்கைகள் என்பதை வானமாமலை போன்றோர் சுட்டிக் காட்டியுள்ளனர். சாதி மீறலை மறைக்கும் முயற்சி என்ற அளவில் அவ்விளக்கம் சரியே.

ஆயினும் இச்சேர்க்கை சாதியை மட்டும் மறைக்கவில்லை, துயரையும் அழிக்கிறது. அப்பெண்கள் அந்தணக் குழந்தைகளே என்றால் பட்டன் குடுமியை அறுத்தது எதற்காக? செருப்புத் தைத்தது எதற்காக? தமையன்மாரை இழந்தது எதற்காக? அனைத்தும் ஒரு தகவல் பிழையால் நேர்ந்த வீண்வேலை ஆகிவிடும். காதலின் விலை முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. எங்கும் எதுவும் முறியவில்லை, அனைவரும் அவரவர் இடத்திலேயே இருந்தனர் என்று கேட்போருக்கு உறுதி கூறப்படுகிறது. கதையை முடித்துவைப்பதற்கு இதைவிட முழுமையான வழி இல்லை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலிலும், அதையொட்டிய கட்டுரைகளிலும் கூறியது இங்கே நினைக்கத்தக்கது. கொலையுண்ட மனிதனின் வழிபாடு தோன்றிய வட்டாரத்தில் இறப்பே கதையின் மையமாக இருக்கும். வழிபாடு பிற வட்டாரங்களுக்குப் பரவப்பரவத் தெய்வப் பிறப்புச் செய்தி சேர்ந்து, இறப்பின் அழுத்தம் குறையும் என்பது அவர் கண்ட போக்கு. கொன்ற ஊருக்கு அருகில் துயர் கனமாக இருக்கிறது. தொலைவு கூடக்கூடக் கனம் குறைகிறது. பல்கலைக்கழகம் என்பது அவ்வூரில் இருந்து மிகத் தொலைவில் உள்ள இடம் என்பதை ஆய்வாளர் மறத்தல் கூடாது.

ஹீரின் இரு முடிவுகள்

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. இந்திய மொழிகளின் காதற் கதைப்பாடல்களில் இதன் மிகத் தெளிவான சான்று பஞ்சாபியில் கிடைக்கிறது. தமிழ்த் துறைகள் இயங்கும் வட இந்தியப் பல்கலைக்கழகங்களிலேனும் இவ்வொப்பீடு விரிவாக நடந்திருக்க வேண்டும். நடந்த ஒப்பீடுகளும் கதை நிகழ்ச்சிகளை இரு பத்திகளாக அடுக்கி நின்றுவிட்டன.

ஹீர், ராஞ்சா கதை பஞ்சாபியில் பலரால் பாடப்பெற்றது. அக்பர் கால நிகழ்ச்சியாக அதைப் பாடிய தாமோதரின் பழைய வடிவத்தில் காதலர் இறுதியில் ஒன்றுசேர்ந்து மக்காவை நோக்கிச் செல்கின்றனர். துயர் தீர்கிறது. 1766இல் வாரிஸ் ஷா பாடிய வடிவத்திலோ, நெடும்போராட்டத்துக்குப் பின் திருமணத்துக்கு இசைந்ததாக நடிக்கும் உறவினர் ஹீருக்கு நஞ்சு கொடுக்கின்றனர். செய்தி கேட்டு ராஞ்சாவும் மாய்கிறான். இரண்டு முடிவுகளும் மக்கள் முன் இருந்தன. மக்கள் நெஞ்சில் நின்றது வாரிஸ் ஷாவின் முடிவு. நிறைவான முடிவு கையில் இருந்தும் நிறைவில்லாததை ஒரு மொழிச் சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்திருக்கிறது. மக்கள் மனம் ஆறுதலையே நாடும் என்னும் பொதுவிதியைக் கூறுவோர் இதற்கு விடை கூறவேண்டும்.

அதன் பயன் 1947இல் வெளிப்பட்டது. பிரிவினைக் கொடுமையைக் கண்ட அமிர்தா பிரீதம், கல்லறையிலிருந்து பேசுமாறு வாரிஸ் ஷாவை அழைத்துத் தம் புகழ்பெற்ற கவிதையை எழுதினார். ஒரு ஹீருக்காக எழுதியவன் பல்லாயிரம் பெண்களின் அழுகைக்கு என்ன செய்யப்போகிறான் என்பதே அக்கவிதையின் உட்கிடை. தாமோதரின் ஹீரை அவ்வாறு அழைத்திருக்க இயலுமா? மக்காவுக்குச் சென்று சேர்ந்தவர்களிடம் எவரும் முறையிடுவதில்லை. முடியாத துயர்தான் நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வேறொரு துயருக்குக் குரல் கொடுக்கும் நிலையில் இருந்தது. பாகிஸ்தானின் ஜங் நகரில் ஹீர், ராஞ்சா இருவருக்கும் உரியதாக மக்கள் போற்றும் கல்லறையும் உண்டு. கல்லறை கட்டப்பட்டதால் பாட்டு நின்றுவிடவில்லை.

கோயில் சொல்வதும் பாட்டு சொல்வதும்

இனி, தெய்வமாதல் துயரைத் தீர்த்தது என்னும் வாதத்தின் வலுவான பகுதிக்கு வரலாம். வழிபடும் மக்களே அதைத் தீர்வாகக் கொள்கின்றனர், அதை மறுப்பது அவர்களுடைய நம்பிக்கையை மறுப்பதாகும் என்பர். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் பொம்மக்கா, திம்மக்காவுடன் எழுந்தருளியிருக்கிறான். வாழ்வில் கூடாதவர் தெய்வநிலையில் கூடினர் என்றும் எழுதுவர். சிலையை மட்டும் பார்த்தால் இது உண்மை.

ஆனால் அங்கே காணிக்கையாகத் தரப்படுவது எது? செருப்பு. பட்டன் மணத்துக்காகக் கற்ற தொழிலின் பொருள் அது. காணிக்கையாக வைக்கப்பட்ட செருப்புகள் நாளடைவில் நடந்து தேய்ந்தவை போல ஆகின்றன, பட்டவராயன் அவற்றை அணிந்து நடக்கிறான் என்ற நம்பிக்கை மக்களிடம் வழங்குகிறது. அமர்ந்து அமைதி எய்திவிட்ட தெய்வத்துக்குச் செருப்பு எதற்கு? மக்கள் நம்பிக்கையின்படி பட்டன் இன்னும் கிடை காத்து மலையில் நடந்துகொண்டிருக்கிறான். ஆண்டுதோறும் புதிய செருப்பு தேவைப்படுகிறது. நம்பிக்கையை மதிக்கவேண்டும் என்போர் இந்நம்பிக்கையையும் மதித்துத் தங்கள் இயலைத் திருத்தி எழுதுவது நல்லது.

வழிபாட்டுச் சொற்களும் இதையே காட்டும். கொலையுண்டு தெய்வமானோரைத் தென்கோடியில் ‘வாதை’ என்று வழங்குதல் உண்டு. வாதை என்பதற்கு வேதனை என்பதே பொருள். அத்தெய்வங்களுக்குச் செய்யப்படுவது தணிவித்தலே அன்றித் தீர்த்தல் அன்று. தணிந்தது மீண்டும் மூளும். அதனால்தான் கொடை ஆண்டுதோறும் நடக்கிறது. ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடிய கடனாக இருந்தால் ஊர் அதை ஒருமுறையே செய்திருக்கும். மக்கள் செலவைப் பற்றி ஆய்வாளரை விட நன்கு அறிவர்.

ஆசை நிறைவேறாமல் இறப்பவரைப் பற்றித் தமிழ் மக்கள் ‘கட்டை வேகாது’, ‘நெஞ்சு வேகாது’ என்று கூறும் வழக்கு இருக்கிறது. உடல் எரியும், உள்ளே ஒன்று எரியாமல் நிற்கும் என்பது அவ்வழக்கின் கருத்து. ‘அவலத்தின் அமைதி’, ‘உணர்ச்சி வடிகால்’ என்று அரிஸ்டாட்டிலிடம் இரவல் பெற்ற தொடர்களை விட இச்சொல் கதைப்பாடலுக்கு நெருக்கமானது. தீப்பாய்தலைக் கற்பின் வெற்றியாகப் புகழும் கட்டுரைகள் அத்தீயில் எது வேகவில்லை என்று கேட்பதில்லை. பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி அரசனிடம் தீ மூட்ட இசைவு கேட்கச் செல்கின்றனர். இறப்பதற்கு அரசனின் இசைவு வேண்டியிருந்தது என்ற செய்தியிலேயே அவர்களுடைய நிலை விளங்குகிறது. கேட்பது நீதி அன்று, விறகு. நீதி கேட்கக்கூடிய இடமாக அது இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவ்விடத்தில் கற்பைப் பாராட்டிப் பத்தியை முடிப்பது அரசனின் வேலையை ஆய்வாளர் செய்வதாகும்.

வில்லுப்பாட்டின் நிகழ்த்துமுறையும் கருதத்தக்கது. கொடையில் வில்லிசைக் குழு கதையைத் தொடர்ந்து பாடிவந்து இறப்புப் பகுதியை அடையும்போதுதான் களம் முழுவேகம் கொள்ளுகிறது. சாமியாடிகளுக்கு அருள் ஏறுவது அவ்வேளையில். மணவிழாப் பகுதியில் அன்று, இறப்பில். அதாவது கேட்போர் கூட்டம் மிக நெருங்கி நிற்பது மகிழ்ச்சியிடமும் அன்று, தெய்வநிலையிடமும் அன்று. குத்து விழும் கணத்திடம். இறந்தவன் ஆடுபவனின் உடலில் வந்து நின்று பேசுகிறான். நீண்ட நாளாகச் சொல்லப்படாமல் இருந்ததைச் சொல்ல வருபவனைப் போலவே அவ்வருகை அமைகிறது.

இதற்கு மறுப்பாக, மக்கள் கொடை முடிந்து மனநிறைவோடுதானே வீடு செல்கின்றனர் என்று கூறலாம். செல்கின்றனர், உண்மை. அழுது முடித்தவருக்குச் சிறிது இளைப்பாறல் கிடைக்கும். ஆனால் இளைப்பாறலைத் தீர்வு என்று பதிவுசெய்தல் முறையன்று. அடுத்த ஆண்டும் அதே மக்கள் அதே இடத்தில் அதே கதைக்கு அழுகின்றனர். கதை தெரியாமல் அழுவதில்லை.

இவ்வாதத்தில் ஓர் இலக்கியச் சொல்லைத் தாண்டியும் சில உண்டு. 2003இல் கடலூர் மாவட்டத்தில் சாதி மீறி மணந்த இளம் இணையர் உறவினரால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2021இல்தான் வந்தது. பதினெட்டு ஆண்டுகள். 2018இல் சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவரின் மணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறவேண்டி வந்தது. ஹரியானாவில் தொடங்கித் தமிழகம் வரை இத்தகைய கொலைகள் நடந்த ஊர்களில் முதலில் கேட்கும் குரல் ‘முடிந்தது முடிந்துபோயிற்று’ என்பதாகும். வாரிஸ் ஷா பாடிய நஞ்சும் கடலூரில் ஊட்டப்பட்ட நஞ்சும் உறவினர் கையால் வந்தவை. கொல்லப்பட்டவனுக்குப் பீடம் எழுப்பிவிட்டால் கொலை நிறைவெய்திவிடும் என்ற கருத்தைப் பட்டப்படிப்பு வகுப்பறையில் கற்பித்துக்கொண்டே, வகுப்பறைக்கு வெளியே நீதி பற்றிப் பேசுவது எவ்வாறு பொருந்தும்? கதைப்பாடல் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் தம் விருப்பத்தை வீட்டில் சொல்ல அஞ்சுவோர் பலர் இருப்பர் என்பது எந்த ஆசிரியரும் அறிந்ததே.

எதிர்த்தரப்பார் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும்: துயர் முடியவில்லை என்று கூறிக்கொண்டே இருந்தால் அது விரக்தியை வளர்க்காதா? கதைப்பாடல் விரக்தியை வளர்த்ததற்குச் சான்று இல்லை. பட்டனைப் பாடியவர்கள் காதலிக்க வேண்டாம் என்று பாடவில்லை. அவன் குடுமியைக் களைந்ததைப் பிழை என்றும் பாடவில்லை. முறிந்ததை முறிந்தது என்றே வைத்துக்கொண்டு, விரும்பியது சரி என்றும் கூற அவர்களால் முடிந்தது. ஆய்வாளர்க்கு இவ்விரண்டையும் ஒருங்கே ஏந்தப் பொறுமை இல்லை. ஒன்று சரியாக இருந்தால் மற்றது தீர்ந்தாகவேண்டும் என்று கருதுகின்றனர்.

இனிச் செய்யவேண்டியவை குறித்து. கதைப்பாடல் பதிப்புகள் பெரும்பாலும் ஏட்டிலோ கையெழுத்துப் படியிலோ வாழிப் பாடலோடு முடிகின்றன. வாழியைப் பார்த்தே மங்கல முடிவு என்று ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. வாழி பாடுவது நிகழ்த்துவோரின் மரபுக்கடன். பாடியவர்க்கும் கேட்டவர்க்கும் நலம் வேண்டுவது. அதைக் கதைமாந்தரின் நிலைக்குச் சான்றாகக் கொள்ளுதல், திருமண அழைப்பிதழின் வாழ்த்தைக் கொண்டு மணமக்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவது போன்றது. களப்பதிவு செய்வோர் இறப்புப் பகுதி எந்த நாழிகையில் பாடப்பட்டது, எவ்வளவு நேரம் நீண்டது, எந்த அடிகள் மீண்டும் மீண்டும் பாடப்பட்டன, சாமியாடி என்ன பேசினார், எதிரே நின்ற பெண்கள் என்ன கேட்டனர் என்பவற்றை எழுதவேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை வாழியோடு நிறுத்திவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அதற்குப் பின்னரே சிலர் பீடத்தின் அருகில் தனியே வந்து மெல்லப் பேசுகின்றனர். அவர்களுடைய இசைவோடு அப்பேச்சும் பதிவாகும் வரை, முத்துப்பட்டன் கதையின் முடிவு குறித்து எழுதப்பட்ட இயல்களை இடைக்கால அறிக்கைகளாகவே கொள்ளவேண்டும்.